உதடு கிழிந்த விரால்

சைவத்தில் பிறந்து, முப்பது வயதுவரை மீன்கடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போன என்னை, மைசூர் சர்க்கார் மீன்காரனாக்கிவிட்டது. எனக்குச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலை. என் வட்டாரத்தில் ஊரை ஒட்டி ஒரு சின்ன ஏரியும், அதன் கரையில் ஒரு வரிசை வீடுகளும் இருந்தன. ஆடி மழை விட்டதும் அந்த வரிசையில் குளிர்காய்ச்சல் தொடங்கும். வீடு வீடாகக் கொயினா மாத்திரை கொடுப்பது என் பாடு.

ஒரு பங்குனியில் பெங்களூரிலிருந்து தகர டின்களில் பொடிமீன் வந்து இறங்கியது. விரல்கணு நீளம்தான் இருக்கும். கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும், ஏரியில் விடு என்று மேலதிகாரி சொன்னார். முருகா என்று சொல்லிக்கொண்டு விட்டேன். அன்று வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னாள். என் சட்டையைக் குச்சியால் தூக்கி வாளியில் போட்டாள்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஏரியில் ஒரு பொடிமீன் இல்லை. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். கௌதள்ளி ஊர்ப் பக்கத்துக்காரர், கொத்துவேலை செய்பவர், அந்தக் கரை வரிசையில்தான் குடியிருந்தார். ஏரி முழுக்க விரால் இருக்கிறது, நீங்கள் டின் டின்னாக விருந்து வைத்தீர்கள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்வதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். அதுவும் சரிதான்.

விராலை வெளியே எடுத்தால் பொடிமீன் பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்கும் என்றார். பிழைத்தால் காய்ச்சல் நிற்குமா என்று அவர் கேட்டார். நிற்கும் என்றேன். அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அவர் மனைவிக்கு ஐந்தாம் மாதத்தில் குளிர்காய்ச்சல் வந்து கரு தங்காமல் போயிற்று. இப்போது மறுபடி இரண்டாம் மாதம். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மனிதர் நேரே ஏரிக்கு வந்துவிடுவார்.

விரால் மற்ற மீன் மாதிரி இல்லை. காற்றுக் குடிக்க அடிக்கடி மேலே வரும். மேலே ஒரு குமிழி உடைந்ததா, அந்த இடத்தில் தவளைக்குஞ்சு கோத்த முள்ளைத் தத்தித் தத்தி இழுக்க வேண்டும். தண்ணீர் ஒருமுறை புரளும், மூங்கில் வில்லாக வளையும். முதலில் முழங்கை நீளத்தில் வந்தன. பிறகு சாண் நீளம். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கெளுத்திதான் வந்தது. வைகாசியில் இரண்டாம் தடவை பொடிமீன் விட்டேன். இந்த முறை பெருகி, கரையோரமெல்லாம் மொய்த்தது. அகப்பையால் தண்ணீரை மொண்டு பார்த்தால் புழு இல்லை. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிடித்த விராலை என்ன செய்தோம் என்று இப்போது சொல்லியாக வேண்டும். மசக்கையில் அவர் மனைவிக்கு மீன் வாடையே ஆகவில்லை. நீங்களே யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் தந்துவிடுவார். விரால் லேசில் சாகாது. ஈரப்புல் போட்ட பானையில் கிடந்து வாயை வாயைத் திறக்கும். அதைக் கொல்லக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் ஆஸ்பத்திரிச் சமையல்காரருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேலே ஒரு மைல் தள்ளியிருந்த பெரிய ஏரியில் கொண்டுபோய் விட்டேன். ஒன்றிரண்டல்ல, முப்பத்தொன்று. எண்ணி எண்ணி விட்டேன். ஒவ்வொன்றும் வாலை அடித்துக்கொண்டு போகும்போது ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சு குளிர்ந்தது. மடையன்!

ஆடியில் நான்கு நாள் விடாத மழை. பெரிய ஏரி கோடி விழுந்தது. நிரம்பி வழிவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வழிந்த தண்ணீர் ஓடை வழியாக எங்கே வரும்? கீழே இருக்கிற சின்ன ஏரிக்குத்தான். இது அங்கே ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்திருந்த எனக்குத் தோன்றவில்லை.

மழை விட்டதும் ஏரியில் குமிழி குமிழியாக உடைந்தது. பொடிமீன் காணோம். நான் நேரே அவரிடம் போய்க் கத்தினேன். பாதியைப் பிடித்துவிட்டுப் பாதியை விட்டுவைத்தீரா என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதை நானே நடத்திக் காட்டினேன். அவர் தூண்டிலை எடுத்து வந்து போட்டார். அரை மணியில் ஒரு விரால் மாட்டியது. அதன் வாயைப் பிளந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். உதட்டோரம் கிழிந்து ஆறிப்போன பழைய காயம்.

"இது நான் போட்ட முள்ளு கிழிச்சதுங்க. இந்த மீனை ஒருக்கா உங்க கையில குடுத்திருக்கறேனுங்க."

 பெரிய ஏரியில் கொண்டுபோய் விட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஏரியையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.  அன்று மாலையே மறுபடி தூண்டிலோடு உட்கார்ந்தார்.

ஆனால் காய்ச்சல் முந்திக்கொண்டது. ஆவணி பிறக்கும் முன்னே அவர் மனைவிக்குக் குளிர் கண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. கொயினாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாம் மாதக் குழந்தை தங்கவில்லை. கொசு வேறு தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். வந்திருக்கலாம். அந்தச் சமாதானம் இன்றுவரை என் வயிற்றில் இறங்கவில்லை.

எட்டாம் நாள் அவர் ஏரிக்கரைக்கு வந்தார். ஒரு விராலைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, என் பக்கம் நீட்டினார்.

"எத்தனை விட்டீங்க?"

"முப்பத்தொண்ணு."

"அத்தனையும் எடுக்கோணுமுங்க. நான் புடிக்கறேன். நீங்க அடிங்க."

மீனை வாங்கினேன். கையில் முறுக்கியது. கல்லை எடுத்து அதன் தலையில் அடித்தேன். ஒரே அடியில் சாகவில்லை, மூன்று அடி வேண்டியிருந்தது. அழுதுகொண்டே அடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த தவளையைக் கோத்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது என் சட்டை முழுக்க ரத்தம். மனைவி குச்சியைத் தேடவில்லை. சட்டையைக் கையாலேயே கழற்றி எடுத்துக்கொண்டு, உள்ளே வரச் சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய்க் குளித்தேன்.