மூச்சு கேட்கிற போன்

ஜெயபாய் அம்மாள் போனை எடுத்தால் "ஹலோ" சொல்வதில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அந்தப் பக்கத்து ஆசாமி இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு, லைன் கெட்டுவிட்டது என்று வைத்துவிடுவார். ராஜபாளையத்தில் பாதிப் பேர் இப்படி ஏமாந்திருக்கிறோம்.

காரணம், அவருடைய கணவர் தேவஇரக்கம். அவருக்குப் பேச்சு திக்கும். முதல் வார்த்தை வெளியே வருவதற்குள் எதிராளி முந்திக்கொண்டால், அது திரும்ப உள்ளே போய்விடும். "கூப்பிடுதது அவியளா இருந்தா என்ன செய்ய? நாமதான் செத்த நேரம் பொறுக்கணும்" என்பார் அம்மாள். கூப்பிடுகிறவர் யாராயிருந்தாலும் அதே பொறுமைதான். திருத்த முடியாது.

இருவருக்கும் சேர்த்து ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறி கணவர் பாடு, வியாபாரம் அம்மாள் பாடு. தறி ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். இழை அறுந்தது, பாவு நூல் தீர்ந்தது, டீ வந்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரு விரலசைவு உண்டு. கூடத்துக்குள் தேவஇரக்கத்தை மிஞ்சிய பேச்சாளர் கிடையாது. வாசலைத் தாண்டினால்தான் அவருக்குச் சங்கடம்.

இந்த 1999-ஆம் வருஷம், ஜெர்மனியில் நடக்கும் ஓர் ஆஸ்பத்திரிச் சாமான் கண்காட்சிக்கு அம்மாளுக்கு அழைப்பு வந்தது. இரண்டு வாரப் பயணம். அவருடைய தம்பி ஞானதுரை உடனே ஒரு யோசனை சொன்னார். "மாமாவுக்குப் போனெல்லாம் சரிப்படாதுக்கா. எதுன்னாலும் நீ என்ட்ட பேசு. தறிய நான் பாத்துக்கிடுதேன்." நல்ல மனுஷர்தான், ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒருமுறை விட்டுவிட்டால், தேவஇரக்கம் தன் சொந்தக் கூடத்திலேயே விருந்தாளி ஆகிவிடுவார். "அங்கருந்து அவியகூடப் பேச முடிஞ்சா போறேன். இல்லேன்னா ஜெர்மனியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

செல்போன் வேட்டை தொடங்கியது. ஜெர்மனிக்குப் போய், முன்கூட்டியே காசு கட்டுகிற கார்டு ஒன்று வாங்கிப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள் ராஜபாளையம் கடைக்காரர்கள். காசு தீரப்போகும்போது அது பேச்சின் நடுவே குரல் கொடுத்து எச்சரிக்குமாம், பிறகு தானே அறுந்துவிடுமாம். "பின்னால நாய் தொரத்துத மாதிரி இருந்தா அவியளுக்கு எப்பிடிப் பேச்சு வரும்?" என்று அம்மாள் கார்டைத் தள்ளிவிட்டார். வெளிநாட்டு ரோமிங்கோடு மாதா மாதம் பில் கட்டுகிற இணைப்புத்தான் என்று முடிவாயிற்று. அதில் நடுவே யாரும் குறுக்கே வரமாட்டார்கள். "பில்லு எம்புட்டு வந்தாலும் வரட்டும்" என்றார்.

போன் அமைவதுதான் கஷ்டமாகிவிட்டது. ஒரு கடையில் பளபளவென்று ஒரு சின்னப் போனைக் கொடுத்தார்கள். அம்மாள் அதிலிருந்து வீட்டுக்குப் பேசிப் பார்த்தார். தேவஇரக்கம் ஒரு வார்த்தைக்கு முயன்றுகொண்டிருந்தபோது, போனில் சத்தம் அடியோடு நின்றுபோனது. அந்தப் பக்கம் பேச்சு நின்றால் சில போன்கள் மூச்சையும் சேர்த்து விழுங்கிவிடும் போலிருக்கிறது. லைன் போய்விட்டதாக நினைத்து, பொறுமைக்குப் பேர்போன அம்மாளே "இருக்கீயளா?" என்று கேட்டுவிட்டார். வரவிருந்த வார்த்தை போனது போனதுதான். அன்று முழுக்க அம்மாளின் முகத்தைப் பார்க்க, பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு விலை, நிறம், கம்பெனி எதையும் அவர் விசாரிக்கவில்லை. "மூச்சு கேக்கணும்" என்பதுதான் ஒரே நிபந்தனை. கடைக்காரர்கள் விழித்தார்கள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனிச்சாமி கடைக்குப் போனோம். நானும் ஞானதுரையும் துணை. "வெளியூர்லருந்து பேசுனாத்தான வண்டவாளம் தெரியும்" என்றார் அம்மாள். பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் வெளியூர் அது! சீனிச்சாமி முகம் சுளிக்காமல் தன் சிம்மைக் கழற்றிக் கழற்றி ஒவ்வொரு போனிலும் போட்டுக் கொடுத்தார். "இது நல்லாத்தாம்மா இருக்கும், ஜெர்மனிலயும் எடுக்கும்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அம்மாள் ஒவ்வொன்றிலும் வீட்டைக் கூப்பிட்டுக் காதில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் வந்தது செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் போன். அதைக் காதில் வைத்ததும் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு கேட்டது. பக்கத்தில் நின்ற எங்களுக்கே லேசாகக் கேட்டது.

"ஜெயா, நீ போ" என்றது தேவஇரக்கத்தின் குரல். "தறிய..."

அங்கே நின்றுவிட்டது. ஞானதுரைக்குத் தாங்கவில்லை. போன் பக்கமாகக் குனிந்து, "தறிய நான் பாத்துக்கிடணும்னு மாமா சொல்ல..." என்று ஆரம்பித்தார்.

அம்மாள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தம்பியின் வாயைப் பொத்தினார். பேரன் எடுத்த மனுஷரின் வாயை, நடுக்கடையில்!

போனில் மூச்சு ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

"...நானே பாத்துக்கிடுதேன்."

அம்மாள் கண்ணைத் திறந்தார். தம்பியின் வாயிலிருந்து கையை எடுக்காமலே சீனிச்சாமி பக்கம் திரும்பி, இதையே கட்டிக் கொடுக்கும்படி தலையை அசைத்தார்.