கம்ப்யூட்டருக்குத் தைத்த வெல்வெட் உறை

சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரின் வாசலில், 2012-இல் ஒரு மழைநாளில், நான் கால்மிதியைத் தாண்டிக் குதித்தேன். உள்ளே வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தொப்பை விழுந்த ஆள் கால்மிதிக்கு மேலே முயல் மாதிரி குதித்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். என்மேல் தப்பில்லை. என் கால் அதை மிதிக்க மறுத்துவிட்டது. சேறு அப்பி, நசுங்கி, ஓரம் பிரிந்து கிடந்த அந்தத் துணி ஒரு காலத்தில் அரக்குச் சிவப்பு வெல்வெட்டாக இருந்தது. ஒரு மூலையில் இன்னும் வெள்ளிச் சரிகைக் குஞ்சலம் தொங்கியது. நடுவில் சந்தனக் கறை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அது கால்மிதியே அல்ல, ஒரு கம்ப்யூட்டரின் உறை. அதைத் தொலைத்ததாகத்தான் எனக்கு ஆறு வருடம் முன்பு வேலை போனது.

சுனாமி வந்த மறு வருடம் எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களுக்கு என்னென்னவோ வந்து இறங்கியது. அரிசி வந்தது, பாய் வந்தது, எங்கள் வெயிலில் யாராலும் போட முடியாத கம்பளிச் சட்டைகள் வந்தன. கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு மட்டும் கம்ப்யூட்டர்கள் வந்தன. உதவி செய்த நிறுவனத்தார் நல்லவர்கள். மெஷினை மட்டும் கொடுத்தால் போதாது, சொல்லிக் கொடுக்க ஆளும் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த நல்ல எண்ணத்தின் விளைவுதான் நான். புவனகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் தலைமுறையாக நெல் போட்டார்கள், நான் கம்ப்யூட்டர் படித்தேன். இரண்டிலுமே விளைச்சல் சுமார்தான். அரியர்களை முடித்த கையோடு இன்டர்வியூவுக்குப் போனேன். கம்ப்யூட்டரை ஆஃப் செய்வது எப்படி என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது அன்று நான் ஒருவன்தானாம். "கம்ப்யூட்டர் சார்" ஆகிவிட்டேன்.

பள்ளியின் ஹெச்.எம்.மைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்க வேண்டும் என்று நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். வேட்டியை நன்றாகக் கட்டுவார். கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய அன்று அவர் அவற்றை மூன்று முறை வலம் வந்தார். மறுநாள் சிதம்பரத்திலிருந்து ஒரு தையல்காரரை வரவழைத்தார். தேர்ச்சீலையும் சாமிக் குடையும் தைக்கிறவர் அவர். ஒவ்வொரு மானிட்டருக்கும் தலை, தோள், இடுப்பு என்று அளவெடுத்து, கீபோர்டையும் சேர்த்து மூடும்படி வெல்வெட்டில் உறை தைத்து, குஞ்சலம் வைத்து, பின்பக்கம் நாடாவும் போட்டுக் கொடுத்தார். அந்த அறை அதற்கு முன்பு வெறும் ஏழாம் வகுப்பு. இப்போது கர்ப்பக்கிரகம். வாசலில் குழாய் போட்டார்கள். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஈரம் துடைத்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று பிள்ளைகள் எட்டிப் பார்க்கலாம். சாவி ஹெச்.எம்.மின் அரைஞாண் கயிற்றில். "புள்ளைங்க கைய வெச்சா மெஷின் என்னாத்துக்கு ஆவும், தம்பி?" என்று என்னிடமே கேட்டார். பிள்ளைகள் கை வைப்பதற்காகத்தான் சார் மெஷினே வந்தது என்றேன். மழலை பேசும் குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் விமோசனம் கிடைத்தது. அது ஹெச்.எம். அறைக்குப் போனது. அதில் அவர் சீட்டாட்டம் ஆடுவார். தப்பான சீட்டை வைத்துவிட்டு, அது ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். மின்சாரம் போனால் ஆய்வகம் அணையக் கூடாது என்று வந்த பேட்டரிப் பெட்டி அவர் தலைக்கு மேல் மின்விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரது செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவது, மின்சாரக் கட்டணம் கட்டுவது, விளையாட்டு சார் வராத நாளில் விசில் ஊதுவது, இவைதான் என் கணினிக் கல்விப் பணி. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளையும் நான்தான் அடித்தேன். "மாணவர்கள் தொழில்நுட்பத்தின் துணையோடு ஆர்வமுடன் கற்று வருகின்றனர்" என்ற வாக்கியத்தை எத்தனை முறை அடித்தேனோ! என் டைப்பிங் வேகம் அந்தப் பொய்யால் வளர்ந்ததுதான். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் நாடாவை அவிழ்த்து, முகத்தை மட்டும் காட்டி, மறுபடி கட்டிவிடுவார். வந்தவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார். அந்தப் பள்ளிதான் சுற்றுவட்டாரத்துக்கே முன்மாதிரி என்று பேச்சு.

கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்த ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மெஷின்முன் உட்கார்ந்து ஒரு கடிதம் அடிக்க வேண்டும், ஒரு சின்ன புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்காக உயிரை விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் முதல் பெஞ்சில் இருந்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து வருபவள். அம்மா புவனகிரிச் சந்தையில் மீன் விற்பவர். மகள் கம்ப்யூட்டர் குரூப் எடுத்ததில் அந்த அம்மாவுக்கு இஷ்டமில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாராம். அதை அந்தப் பெண்ணே என்னிடம் அம்மா குரலில் நடித்துக் காட்டினாள்: "படிச்சி முடிக்கறப்ப மெஷினு முன்னால குந்தி வேல பாக்கத் தெரியணும். தெரியலன்னு வையி, இன்னொரு கூட காலியாத்தான் இருக்கு, தூக்கிக்கினு என் பின்னால வா." ஆகவே அவளுக்கு வேண்டியது மார்க் மட்டும் இல்லை. மெஷின் அவள் கையில் பேச வேண்டும். நானோ பழுப்புத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கீபோர்டு வரைந்து பெஞ்சில் ஒட்டி வைத்திருந்தேன். அதில் ஸ்பேஸ் பாரை வரைய மறந்துவிட்டேன். "சார், வார்த்தைக்கு வார்த்த எடமே விட வேணாமா?" என்று அவள்தான் கேட்டாள். சமாளித்து, தாளுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்தத் தாள் விரல் பட்டு விரல் பட்டு ஓட்டை விழும்வரை அவள் அதில் அடித்தாள். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் என்ன தெரியும் என்பதைக் கதாகாலட்சேபம்போல வாயால் சொல்வேன். கைதட்டல்கூடக் கிடைக்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்த அம்மாவே கூடையோடு பள்ளிக்கு வந்துவிட்டார். கூடையை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, ஹெச்.எம். அறை ஜன்னலில் நின்றார்.

"ஏன் சார், எம் பொண்ணு அத தொட்டே பாத்தது இல்லியாமே?"

"அதெல்லாம் தொடறதுக்கு இல்லம்மா. மொதல்ல தியரி. தியரி நல்லா வந்துட்டா மத்தது தானா வரும்."

"எங்கிட்ட மீனு வாங்குறவ செவுளத் தூக்கிப் பாக்காம வாங்க மாட்டா சார். தொடாம எப்பிடி சார் தெரியும்?"

"இது மீன் இல்லம்மா!"

"தெரியுது சார். மீனா இருந்தா ரெண்டு நாள்ல நாறி ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இது நாறுனா யாருக்குத் தெரியும்?"

ஹெச்.எம். ஜன்னலைச் சாத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஊதுவத்தி ஏற்றச் சொன்னார். மீன் வாடையாம்.

அதே மாதம் ஆயுத பூஜை வந்தது. அன்றுதான் உறைகள் முழுசாகக் கழன்றன. ஒவ்வொரு மானிட்டருக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். மௌஸுக்கு அதன் முதுகில் ஒரு பொட்டு. ஒவ்வொரு கீபோர்டின்மேலும் வாழையிலைத் துண்டு போட்டுப் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அவல் என்று அள்ளி வைத்தார். இந்த ஊரில் பூஜைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள்வரை எடுக்க மாட்டார்கள். ஹெச்.எம்.மின் பக்தி அதையும் தாண்டியது. படையலை அப்படியே விட்டு, அதன்மேல் உறையைப் போர்த்தி நாடா கட்டினார். "இருக்கட்டும் தம்பி, அதுக்கும் பசிக்கும்ல" என்றார். விஜயதசமியன்று பிரித்துவிடலாம் என்றேன். அன்று அவருக்குச் சொந்தத்தில் கல்யாணம், சாவி இடுப்போடு கடலூருக்குப் போய்விட்டது. திரும்பி வந்ததும் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தியபோதெல்லாம் "மேலிடத்துலேர்ந்து யாராச்சும் வரட்டும், அப்ப தொறப்போம்" என்பார். அந்த வருடம் மேலிடத்துக்கு வேறு வேலை இருந்தது. கார்த்திகை வாக்கில் பூட்டிய அறைக்குள்ளிருந்து குடுகுடுவென்று சத்தம் கேட்பதாக முதல் பெஞ்சுப் பெண் வந்து சொன்னாள். ஹெச்.எம். கதவில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "மெஷின் உள்ளுக்குள்ள ஓடுது பாரு" என்றார். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய அறையில்! நானும் தலையாட்டினேன். சம்பளம் வாங்குகிற தலை அது, ஆடத்தானே செய்யும்.

தேர்வு நாளன்று கடலூரிலிருந்து வெளித் தேர்வாளர் ஒருவர் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் கிடைக்குமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிள்ளைகள் கால் கழுவித் துடைத்து வரிசையாக நின்றார்கள். முதல் முறையாக நிலைப்படியைத் தாண்டப்போகிறார்கள். அந்தப் பெண் விரல்களை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள், ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் காலை உதறுகிறவர்களைப்போல. ஹெச்.எம். முதல் நாடாவை அவிழ்த்து உறையைத் தூக்கினார். கீபோர்டின்மேல் ஒரு எலிக் குடும்பம் படுத்திருந்தது. ரோஸ் நிறத்தில், கண் திறக்காத குட்டிகள். தாய் எலி தேர்வாளரின் செருப்பில்லாத காலின்மேல் ஓடி வெளியேறியது. எல்லா உறைக்கும் உள்ளே இதே கதைதான். பொரியைத் தின்று தீர்த்த பிறகு அவை ஒயரைத் தின்னத் தொடங்கியிருந்தன. எதை அமுக்கியும் எதுவும் எரியவில்லை. எரிந்தது அந்தப் பெண்ணின் முகம் மட்டும்தான்.

அவள் ஒரு வழி சொன்னாள். "உங்க ரூம்ல இருக்கறது ஓடுதே சார். ஒவ்வொருத்தரா அதுல பண்ணிக் காட்டறோம்." நியாயமான வழி. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஹெச்.எம். அதிர்ந்துபோனார். "அது ஆபீஸ் மெஷினும்மா. எவ்ளோ ரகசியம் இருக்கு தெரியுமா?" அதில் இருந்த ரகசியம், சீட்டாட்டத்தில் அவர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை என்பது. நான் குனிந்து, எலி கடித்த ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹெச்.எம். தேர்வாளரைப் பார்த்தார். வஞ்சிரம் வறுபடும் வாசனை வந்தது. புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாருக்கும் முழு மார்க் என்று முடிவாயிற்று. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். அவள் குதிக்கவில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலியே சார், எதுக்கு மார்க்கு?" என்று கேட்டாள். "குடுத்தா வாங்கிக்கம்மா, மார்க்கு என்ன கடிக்குதா?" என்றார் ஹெச்.எம்.

மாலையில் அவர் ஆய்வகத்தைச் சரிபார்த்தார். கம்ப்யூட்டர்களை அல்ல, உறைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் உண்மையாகவே கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மறுநாளே விசாரணை. புகார் கொடுத்தவர், விசாரித்தவர், தீர்ப்புச் சொன்னவர் எல்லாம் அவரே. எலிகளை யாரும் விசாரிக்கவில்லை. வெல்வெட் உறையைப் பாதுகாக்கத் தவறிய குற்றத்துக்காக நான் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அந்த வருடம் செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியதற்காக ஹெச்.எம்.முக்குச் சால்வை போர்த்தினார்கள். அதுவும் அரக்குச் சிவப்பாம். கேள்விப்பட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு வேலை தேடப் போனேன்.

இன்னமும் தேடிக்கொண்டுதான் இருந்தேன் என்பதால்தானே அந்த மழைநாளில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அரசுத் தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் சாருக்குத் தன் பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது. கால்மிதியைத் தாண்டிக் குதித்து நிமிர்ந்தால், கல்லாவுக்குப் பின்னால் முதல் பெஞ்சுப் பெண். கண் திரையில் இருக்க, விரல்கள் கீபோர்டில் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. கடை அவளுடையதுதான்.

"சார்! தாண்டிக் குதிச்சீங்களே, அப்பவே நெனச்சேன், நீங்கதான்னு" என்று சிரித்தாள். அடையாளம் கண்டது என் முகத்தை அல்ல, பயத்தை. ப்ளஸ் டூ முடித்ததும் மார்க் ஷீட்டோடு இதே சென்டருக்கு வேலை கேட்டு வந்தாளாம். செய்முறையில் முழு மார்க் வாங்கிய பெண்ணிடம் அப்போதைய முதலாளி மெஷினை ஆன் செய்யச் சொன்னாராம். இவள் கால் கழுவக் குழாயைத் தேடியிருக்கிறாள். "அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே சார், அதுக்கு மீன் கூடையே தேவலாம்னு இருந்துச்சு." தூக்கவும் செய்தாள். காலையில் அம்மா பின்னால் கூடை, மத்தியானம் இங்கே தரை துடைப்பது, ஆள் இல்லாத மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுவது. கற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்றாம். எங்கள் பள்ளி சும்மா கதவைத் திறந்துவிட்டிருந்தால் ஒரு பருவத்தில் வந்திருக்கும்.

உறையை எப்போது எடுத்தாள் என்று கேட்டேன். "பரிச்ச அன்னிக்கே. எல்லாரும் மார்க்குக்குக் கத்தினு இருந்தாங்களே, அப்ப பைக்குள்ள வெச்சிட்டேன். தொடவே உடாத பொருள்ல எதையாவது ஒண்ணத் தொட்டுட்டுப் போவணும்னு தோணுச்சு." திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, "உங்க வேல போனது அப்பறந்தான் சார் தெரியும். இன்னிக்கு விண்ணப்பத்துக்குக் காசு வேணாம்" என்றாள். நியாயமான நஷ்ட ஈடு. ஏற்றுக்கொண்டேன்.

ஹெச்.எம்.? ஓய்வு பெற்றுவிட்டார். பேரனின் ரிசல்ட், கவுன்சிலிங் என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கடைக்குத்தான் வருகிறாராம். இவளை அடையாளம் தெரியவில்லையாம். "தெரியாது சார், எங்க மூஞ்சிய அவுங்க எப்பப் பாத்தாங்க? ஆனா ஒண்ணு. செருப்ப வெளியில கழட்டிடுவாரு. கால நல்லா அழுத்தித் தொடச்சிட்டுத்தான் உள்ள வருவாரு. பழக்கம் போவுமா?"

விண்ணப்பம் முடிந்து வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. கடையை விட்டுப் போகும்போது யாரும் காலைத் துடைக்க மாட்டார்கள். நான் கால்மிதியின்மேல் ஏறி நின்று, சந்தனக் கறை இருந்த இடமாகப் பார்த்து, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும், அவசரமில்லாமல் துடைத்தேன்.