அம்மாவை விட்டுவிட்டுப் பார்த்த கடல்

எங்கேயாவது போய் இரண்டு வாரம் ஓய்வெடுக்கும்படி என் மனைவிக்கு வைத்தியர் சொன்னபோது, நான் முதலில் யோசித்தது அவளைப் பற்றி அல்ல. அம்மாவை யார் பார்ப்பது என்றுதான் யோசித்தேன். அதைக் கேட்டும் விட்டேன்.

பக்கவாதம் வந்து இடது கால் பலமிழந்த பிறகு அம்மா ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்களோடு இருந்தார். மனைவி காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்வாள். மத்தியானம் வந்ததும் அம்மாவைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். நான் டிராம் ஓட்டுகிறேன். வாரத்துக்கு வாரம் மாறும் வேலை நேரம் எனக்கு நல்ல சாக்காக இருந்தது.

ஊருக்குப் போகலாம் என்றேன்.

"ஊருக்குப் போனா ஓய்வோ?" என்றாள். "உங்கடை ஆக்கள் வீடு, என்ரை ஆக்கள் வீடு எண்டு ஏறி இறங்கவே விடுமுறை முடிஞ்சிடும். எங்களை ஒருத்தருக்கும் தெரியாத கடற்கரைக்குப் போவம்."

அவள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி, கடல் சத்தத்தில் வளர்ந்தவள். இங்கே வட கடலில் ஒரே ஒரு தடவை கால் வைத்துவிட்டு, குளிரில் துள்ளி வெளியே வந்தவள். அவளே தேடிப் பிடித்த இடம்தான் ரீயூனியன். இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. பாரிஸிலிருந்து ஓர் இரவு விமானம்.

இங்கே சில முதியோர் இல்லங்களில் ஆட்களைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. "அந்த இடம்" என்றே சொல்லிக்கொண்டோம். கொண்டுபோய் விட்ட அன்று அம்மா புதுக் கட்டிலின் விளிம்பில் இருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜெர்மன் மூதாட்டி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்கோ," என்றார் அம்மா. "பிள்ளை நல்லாய்ச் சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கொண்டு வரட்டும்." அம்மாவுக்கு என் மனைவி எப்போதும் 'பிள்ளை'தான்.

தீவின் மேற்குக் கரையில் தங்கினோம். அங்கே பவளப்பாறை கடலுக்குள் ஒரு வேலிபோல நிற்கிறது. அலைகள் தூரத்திலேயே வெள்ளையாக உடைந்துவிடும். கரைக்கு வரும் தண்ணீர் முழங்காலளவுதான், வெதுவெதுப்பானது. அதற்கு அப்பால் சுறா வரும் என்று பலகைகளில் எழுதியிருந்தார்கள். கரை நெடுகச் சவுக்கு மரங்கள். மனைவி சல்வாரோடு தண்ணீருக்குள் இறங்கி, கழுத்தளவு மூழ்கும்படி உட்கார்ந்துகொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கேட்கவில்லை என்று நினைத்தேன்.

மத்தியானம் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். கடல் தெரியக் கூடாது என்று, உடுப்பு மாற்றும் அறையின் வெள்ளைச் சுவருக்கு முதுகு காட்டி நின்றேன். இல்லத்துப் பணிப்பெண் ஒருத்தி அங்கே போனைப் பிடித்திருந்தாள். அம்மாவின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"சாப்பிட்டியளோ அம்மா?"

"ஓம், உருளைக்கிழங்கு. நீ ஏன் சுவரடியிலை நிக்கிறாய்?"

"இஞ்சை நல்ல வெயில்."

"வெயில் எண்டா என்ன? கடலைக் காட்டு."

காட்டினேன். அம்மாவின் கண்கள் திரைக்கு இன்னும் கிட்டே வந்தன. பிறகு, "பிள்ளை எங்கை?" என்றார். தண்ணீரில் தெரிந்த தலையைக் காட்டினேன். "கூப்பிடாதை, இருக்கட்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சவுக்குத் தோப்பு கலியாண வீடுபோல ஆகிவிட்டது. விடியவே குடும்பங்கள் பாயும் மேசையும் சட்டி பானையுமாக வந்து ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டன. எங்களுக்கு அடுத்த மரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்து நான் வாய்விட்டுத் தமிழில் பேசிவிட்டேன். அப்படி முகங்கள். கரும்புத் தோட்ட வேலைக்குப் பல தலைமுறைக்கு முன் கப்பலேறிய தமிழர்களின் வழி வந்தவர்கள் என்று அவர்களில் ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு சொல்லும் தமிழ் தெரியாது. அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே ஒரு தட்டில் சோறும் கோழிக்கறியும் பருப்பும் போட்டு மனைவியிடம் நீட்டினார். மனைவி ருசித்துவிட்டுக் கையால் 'நல்லது' என்று காட்ட, அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

அவர்களோடு ஒரு கிழவியும் வந்திருந்தார். நடக்க முடியாதவர். பேரப்பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தார்கள். மஞ்சள் நிறத்தில் பலூன்போலப் பருத்த சக்கரங்கள், மணலில் புதையவில்லை. கிழவியை அதில் இருத்தி நேரே தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள். நாற்காலி மிதந்தது. கிழவி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவால் அவ்வளவு தூரம் பறக்க முடியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவையும் கூட்டிப்போகலாமா என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. வைத்தியரிடம் கேட்டு, அவர் மறுத்து, அதன்பின் விட்டுவிட்டு வந்திருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மா விழுந்துவிட்டார். கழிவறைக்குப் போகத் தனியாக எழும்பியிருக்கிறார். வலது மணிக்கட்டு முறிவு, தலையில் அடியில்லை, ஆஸ்பத்திரியில் கிப்ஸ் என்ற மாவுக்கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் போனை வைத்துவிட்டுச் சொல்லி முடிக்க முன்னமே மனைவி பெட்டியைத் திறந்து கொடியில் கிடந்த ஈரத் துணிகளை அள்ளிப் போடத் தொடங்கினாள். பிறகு அம்மாவோடு பேசினோம்.

"மணி அடிச்சா வருவினம் எண்டு சொன்னவையெல்லோ அம்மா, ஏன் அடிக்கேல்லை?"

"அந்தப் பெட்டையள் பாவம், ஓடித் திரியினம். ஒவ்வொண்டுக்கும் கூப்பிட ஏலுமே?"

"நாங்கள் இண்டைக்கே வாறம், மாமி," என்றாள் மனைவி.

"நீங்கள் வந்தா எலும்பு ஒட்டிடுமோ? பேசாமல் இருங்கோ. வந்தியள் எண்டா எனக்குத்தான் கோவம் வரும்."

அன்றும் அடுத்த நாளும் விமானங்களில் இடம் தேடினேன். ஒன்றில் இடம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தேன். வாங்கவில்லை. அம்மாவின் சொல்லுக்காக என்று மனைவியிடம் சொன்னேன். இன்னும் நான்கு நாள் யாரும் எதற்கும் என்னை எதிர்பார்க்காத நிம்மதியும் அதில் இருந்தது.

கடைசி நாட்களில் தீவின் தென்கிழக்குக்குப் போனோம். எரிமலைக் குழம்பு மலையிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, கடலில் விழுந்து உறைந்த இடம். கறுத்த கல் கயிறு முறுக்கினாற்போலக் கிடந்தது. பழைய குழம்பின்மேல் பன்னமும் சிறு செடிகளும் முளைத்திருந்தன, புதியதில் ஒன்றுமில்லை. இன்னும் தெற்கே, பாறை விளிம்பில் புல் வெட்டிய ஒரு பூங்கா. தாழை மரங்கள் வேர்களை ஊன்றிக்கொண்டு நின்றன. கீழே கடல் பாறையில் மோதுவது காலடியில் அதிர்ந்தது. அங்கே ஒருவரும் குளிப்பதில்லை, இறங்கினால் ஏற முடியாது.

பூங்காவின் மர வாங்கில் உட்கார்ந்து நான் ஓயாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்திருக்கக் கூடாது," என்றேன்.

மனைவி கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "மாமி வீட்டிலை இருந்திருந்தாலும் விழுந்திருப்பா. போன மாரியிலை குளியலறையிலை விழப்போனவா. நான் பிடிச்சது. நீங்கள் வேலையிலை."

"நீ சொல்லேல்லையே."

"சொன்னனான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "எனக்கு மாமியிலை கோவமில்லையப்பா. ஆராவது கூப்பிடுவினம் எண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு. முதல் நாள் தண்ணிக்குள்ளை நீங்கள் கூப்பிட்டது கேட்டது. வேணுமெண்டுதான் திரும்பேல்லை."

போனைச் சட்டைப்பையில் வைத்தேன். மழை வந்தது. இருவரும் தாழைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம்.

திரும்பி வந்து நேரே இல்லத்துக்குப் போனோம். அம்மாவின் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது, விரல்கள் வீங்கியிருந்தன. பக்கத்துக் கட்டில் மூதாட்டி அம்மாவுக்குப் பாண் துண்டை வெட்டி வெண்ணெய் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அம்மா என்னைத் தாண்டி மனைவியை எட்டிப் பார்த்தார்.

"கறுத்துப் போனாய் பிள்ளை," என்றார். "முகம் தெளிஞ்சிருக்கு." மனைவி அழத் தொடங்கினாள். நான் அம்மாவின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தேன்.

கிப்ஸ் வெட்டும் வரைக்கும் வேலையில் லீவு எடுத்தேன். அம்மாவுக்கு ஊட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் நான் செய்வதாகச் சொன்னேன். முதல் நாள் தண்ணீரின் சூடு சரியில்லை. இரண்டாம் நாள் சட்டைக் கையைக் கிப்ஸுக்கு மேலால் இழுக்கத் தெரியாமல் தடுமாறி, மனைவியைக் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள்.

தலை சீவி இழுப்பதுதான் பெரும்பாடு. அம்மாவின் முடி மெலிந்து போயிருந்தது, சீப்பு சிக்கிக்கொண்டது.

"மெல்ல," என்றார் அம்மா. "பிள்ளை அடியைப் பிடிச்சுக்கொண்டுதான் இழுக்கிறவள்."

அடியைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். அம்மாவின் கழுத்து இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மனைவிக்கு அது தெரிந்து எத்தனையோ வருடம். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை," என்றார். நான் அதை அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.