அரை இஞ்சு கோச் தேடிய கதை

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆரம்பித்து, இன்று மூன்று சலவைக் கடைகளுக்கு முதலாளி. எனக்கு வழி சொல்ல ஒருத்தரும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இடம் கிடைக்காது, ஏனென்றால் கதை என் மைத்துனனுடையது.

யூனிஃபார்ம் தைக்கும் ஆலையில் அவன் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக அதே நீள மேஜை. நாற்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவான், ஒரு காலர்கூடப் பிசகாது. எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டான், தோளைத்தான் பார்ப்பான். "அரை இஞ்சு ஏறியிருக்கு" என்பான். ஆலையில் அவன் பெயரே அரை இஞ்சு. கல்யாண போட்டோவில்கூட மாமனாரின் தோளைத்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறான்.

மேனேஜர் நாற்காலி காலியானது. ஏற்கெனவே இரண்டு முறை நேர்காணலில் ஊமையாக உட்கார்ந்து திரும்பியவன். ஐம்பதைத் தொட்டால் விண்ணப்பிக்க முடியாது, இவனுக்கு நாற்பத்தொன்பது. இதுதான் கடைசி வாய்ப்பு.

என் மனைவி ஆரம்பித்தாள். "உங்க ஆலையில தையல் சரிபார்க்கிற அந்தச் செக்கரும் இந்த வேலைக்குப் போட்டி போடுறான், நேர்காணலுக்குப் பழக்கிவிட கேரியர் கோச் வச்சிருக்கானாம். நீயும் ஒருத்தரைப் பாரு தம்பி."

"பேசக் கத்துக்க வாத்தியாரா? நான் எந்தக் கோச்சை வச்சேன்?" என்றேன்.

"உங்களுக்குப் பேச்சை நிறுத்தத்தான் ஆள் வைக்கணும்."

விசாரித்த இடத்தில் முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் நானும் கூடப் போனேன்.

கண்ணாடி அறை. கோச்சுக்கு முப்பது வயது இருக்கும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். மைத்துனன் பத்து நிமிஷம் அவர் தோளையே அளந்துகொண்டிருந்தான். பிறகு இவன் மெதுவாக, "சார், கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றான்.

அவர் எழுந்தார்.

"வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு. ரெடிமேடா?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கழட்டுங்க."

கோட்டை மேஜைமேல் விரித்து, பையிலிருந்த சாக்கட்டியால் கோடு போட்டபடி நாற்பது நிமிஷம் பேசினான். எந்தத் துணி தொய்யும், எந்தத் தையல் தாங்கும் என்று அடைமழைதான். கோச் பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதையே அங்கேயும் பேசுங்க. உங்களுக்கு நான் எதுக்கு?" என்றார்.

படியிறங்கும்போது இவன் கேட்டான். "சேரலாமா அத்தான்?"

"அவரே வேணாங்கிறார். வேலை தெரிஞ்சவனுக்குக் கோச் எதுக்குடா? நான் யாருகிட்ட யோசனை கேட்டேன்?"

"ஒவ்வொரு கடைக்கும் தன்கிட்டதான் யோசனை கேட்டீங்கன்னு அக்கா சொல்லுச்சே?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கோச் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே முடிவாயிற்று.

நேர்காணல் அன்று நான் வாசலில் காத்திருந்தேன். முதலாளிகளின் மேஜையில் புது யூனிஃபார்ம் ஒன்று கிடந்ததாம். அதைக் கையில் எடுத்தவன் முக்கால் மணி நேரம் கீழே வைக்கவில்லை. ஒரு முதலாளி தானே எழுந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தாராம். வெளியே வந்தவனின் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. "நான் சொன்னேன்ல!" என்று முதுகில் தட்டினேன்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. இவ்வளவு ஞானமுள்ளவரைக் கட்டிங் மேஜையை விட்டு நகர்த்தினால் ஆலைக்குப் பெருநஷ்டம் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் ஆனவன் அந்தச் செக்கர்தான். அவன் துணி என்ற சொல்லையே எடுக்கவில்லையாம். ஆட்களை எப்படி நடத்துவேன் என்று மட்டும் பேசினானாம். பன்னிரண்டு வகுப்பு நடத்தி அவனுடைய கோச் சொல்லித் தந்த பாடம்.

என் மனைவி அந்தக் கடிதத்தை வாங்கி வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது.

புது மேனேஜர் முதல் நாளே புதுக் கோட்டோடு கட்டிங் மேஜைக்கு வந்தாராம். "மாஸ்டர், தோள் சரியா இருக்கா?"

இவன் முதல் தடவையாக ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்து, "அளவெடுத்த மாதிரி இருக்குங்க சார்" என்றானாம்.

"நிஜமாவே சரியா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அரை இஞ்சு இறங்கியிருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டும், அத்தான்."