விழாநாளில் கொடுக்காத மாத்திரை

குணவதி இடது கையால் குதிக்காலைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் இறுக்கக் காலுறையை முழங்கால்வரை இழுத்துக்கொண்டிருந்தார். பெருவிரலால் அமத்தினால் குழி விழும் கால்கள். அன்று குழி ஆழமில்லை. முந்தின நாள் சிறுநீர் நன்றாகப் போயிருந்தது.

கால்களுக்குச் சொந்தக்காரர் மிஸஸ் ஹால்ஸ்டன். தொண்ணூற்றொரு வயது, பலவீனமான இதயம். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், பத்தாம் மாடியில் தனியாக இருந்தார். அமெரிக்காவின் தெற்கே ஒரு சிறு மாவட்டத்தில் பிறப்பு இறப்புப் பதிவாளராக வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஓய்வு பெற்றபின் மகனோடு இருக்க ரொறன்ரோ வந்தார். மகன் சாவில் முந்திக்கொண்டான். குணவதிக்கு அறுபத்திரண்டு. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, ஆறு வருடமாக அவரைப் பராமரிக்க வந்துகொண்டிருந்தார்.

அன்று ஓகஸ்ட் முதலாம் திகதி, கனடாவில் அடிமைத்தளை ஒழிந்த நாள். பக்கத்துச் சமூக மண்டபத்தில் விழா. அதில் மிஸஸ் ஹால்ஸ்டனுக்கு மரியாதை. அவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஏப்ரலிலிருந்து அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவர் சாப்பிட்டார், நடந்தார், ஊசிக்குக் கை நீட்டினார்.

குணவதி மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். மிஸஸ் ஹால்ஸ்டன் நீர் மாத்திரையை மட்டும் விரலால் ஒதுக்கினார்.

“இது இன்றைக்கு வேண்டாம், குணா.”

“போட்டால்தான் மூச்சு லேசாக இருக்கும்.”

“போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை கழிவறை. நான் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து தள்ளிக்கொண்டு போவாயா?”

“பம்பேர்ஸ் கட்டிவிடுகிறேன். வெளியில் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

ஆறு வருடத்தில் சொல்லாத ஒன்றை மிஸஸ் ஹால்ஸ்டன் பிறகு சொன்னார். பதவி ஏற்ற வருடம் அலுவலகத்தில் அவருடைய மாடிக் கழிவறை பூட்டியே கிடந்தது. கறுப்பருக்குத் தனிக் கழிவறை என்ற சட்டம் எப்போதோ மாறிவிட்டது. ஆனால் சாவி அங்கே வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தியின் மேசை லாச்சியில் இருந்தது. கேட்டால் காணவில்லை என்பாள். ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு மிஸஸ் ஹால்ஸ்டன் கேட்பதை நிறுத்தினார். காலையில் எழுந்தால் மாலை ஐந்து மணிவரை தண்ணீர் குடிப்பதில்லை. அப்படிப் பதினொரு மாதம்.

“அந்த ஊரில் பிறந்த வெள்ளைக் குழந்தைகளின் பிறப்புப் பத்திரத்தில் எல்லாம் என் கையெழுத்து. அந்தக் கதவு மட்டும் எனக்குத் திறக்கவில்லை. இன்றைக்கு நான் கழிவறைக்கு ஒருவரையும் கேட்க மாட்டேன்.”

குணவதிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போகும்போது, சோதனைச் சாவடி வரிசையில் ஆமிக்காரனிடம் ஒதுங்க இடம் கேட்க வேண்டிவரும் என்று, முதல் நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்தியவர் அவர். அன்று பயணம் போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்து அறியாத ஒருத்தி என்றால், மாத்திரையை மறுத்ததை உடனே பராமரிப்பு நிறுவன மேற்பார்வையாளருக்கு அறிவித்திருப்பாள்.

“மத்தியானம் வீட்டுக்கு வந்தவுடன் போடுவோம்,” என்றார் குணவதி. போனில் உள்ள மருந்துப் பதிவில், கொடுத்தாயிற்று என்று அழுத்தினார்.

சக்கர நாற்காலி வானை ஓட்டி வந்தவர் பத்மநாதன்.

“அக்கா, உவ எங்கடை அம்மாவோ? கலியாணப் பொம்பிளை தோத்துப்போவாள் போல வெளிக்கிட்டிருக்கிறா.”

“கதையை விட்டுட்டு பெல்ற்றை இறுக்கும், தம்பி. போன முறை கதிரை ஆடினது.”

மிஸஸ் ஹால்ஸ்டன் பதினொரு நிமிடம் பேசினார். ஒருவரும் மறிக்கவில்லை. இரண்டு இடத்தில் சபை சிரித்தது. கழிவறைக் கதையை அவர் சொல்லவில்லை. பிறகு உப்பு மீன் கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கூடாது என்று குணவதிக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றார். அவரோடு படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்தபோது மூன்றேகால்.

ஐந்தரைக்கு மூச்சில் கறகறப்புக் கேட்டது. குணவதி அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி வைத்தார்.

“மூன்றாம் வரிசைக்காரன் தூங்கினானே, பார்த்தாயா?” என்றார் மிஸஸ் ஹால்ஸ்டன். அவர் முழுதாகச் சொன்ன கடைசி வசனம் அதுதான். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தார்.

பழைய இதயம், எப்போதும் நடந்திருக்கலாம் என்றார் டொக்டர். சிறிது நேரத்தில் மேற்பார்வையாளர் அன்ரனெற் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, மனசை விடாதேங்கோ. நான் பதிவைப் பாத்தனான். எல்லா மருந்தும் நேரத்துக்குக் குடுத்திருக்கிறியள். உங்களிலை ஒரு பிழையும் இல்லை.”

குணவதி “ஓம்” என்றார். டொக்டர் சொன்னதைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை, அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். அன்ரனெற் வந்து தோள்பையைக் கழற்றக்கூட அவர் விடவில்லை.

“நேற்று காலமை நீர் மாத்திரை குடுக்கேல்லை, பிள்ளை. குடுத்ததெண்டு பதிஞ்சது பொய்.”

அன்ரனெற் கதவைச் சாத்தினாள். “உதை ஏன் இப்ப சொல்லுறியள்? ஆரும் கேக்கேல்லையே. வேலை போயிடும், அக்கா.”

“போகட்டும். அறிக்கை எழுதிற போமைத் தாரும்.”

காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்தார். அந்த அம்மா மேடையிலேயே சொல்லாததை இவர் எழுத முடியாது. நோயாளி வேண்டாம் என்றார், நான் அறிவிக்கவில்லை என்று மட்டும் எழுதினார். கையெழுத்தையும் திகதியையும் போட்டு, அன்ரனெற்றின் கையில் கொடுத்தார்.