பாங்குக்கு முன் எரிந்த பல்பு

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்பு மாதத்தில் நடந்தது இது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு மணி நேர பஸ் தூரத்தில் எங்கள் ஊர். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய்பிடித்திருந்தது. பங்குனி வெயில் பின்னியெடுத்தது.

நான் அப்போது சமுதாயக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன். கணவர் வளைகுடாவில். மாமனார் அதைத் தடுக்கவில்லை. தையல் வகுப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார் போல. கடைசிப் பருவத்தில்தான் வினையே வந்தது. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சி எடுத்தால்தான் படிப்பு முடியும். அது தஞ்சாவூரில் இருந்தது. தினமும் போய் வர வேண்டும்.

"நம்ம வீட்டுப் பொண்ணு ஸ்க்ரூடிரைவரத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறதா?" என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். கணவரோ போனில், "அத்தா சொல்றதக் கேளேன்" என்று தன் அப்பா பக்கம் சாய்ந்து நழுவிக்கொண்டார். வருகிறேனா இல்லையா என்று மறுநாள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன எனக்கு.

அன்று சாயங்காலம், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபையர், மறு கையில் மைக்கும் ஒரு குழாய் ஸ்பீக்கரும். மாமா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார்.

"அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு, பாய். கடைத்தெரு மெக்கானிக் ஊர்லயே இல்ல. தஞ்சாவூருக்குக் கொண்டு போனா நோன்பு தொறக்குறதுக்குள்ள வந்து சேர முடியாது."

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, நேரம் தெரியாமல் இல்லை. ஆனாலும் பள்ளிவாசல் சத்தம் காதில் விழாமல் எங்கள் தெருக்களில் யாரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்க மாட்டார்கள். பாங்கு கூட வேண்டாம், அதற்கு முன் மோதினார் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டாலே கைகள் தட்டுக்குப் போய்விடும்.

நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த மாமி, என் மாமியார், அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். "வீட்ல ஒருத்தி இதத்தான படிக்கிறா? அவகிட்டக் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

மாமா சாப்பாட்டு மேஜையில் இருந்ததையெல்லாம் ஓரமாக நகர்த்தினார். எனக்கு அது போதும். டூல் பையை எடுக்க ஓடினேன்.

எங்கள் வகுப்பில் முதலில் செய்யச் சொல்வது, பலகையில் பொருத்திய ஒரு குண்டு பல்பு. பழுதான கருவிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல் அந்தப் பல்பு வழியாகக் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆம்ப்ளிஃபையரை மாட்டியதும் பல்பு அப்படித்தான் எரிந்தது. மோதினார் சந்தோஷமாக, "வந்துருச்சா?" என்றார். "இல்லங்க, இதுதான் வியாதி" என்றேன்.

மூடியைக் கழற்றி மீட்டரை வைத்துத் தேடினேன். ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் போயிருந்தது. மாற்றுக்கு எங்கே போவது? கல்லூரியில் நான் செய்த பேட்டரி சார்ஜரை மாமி பெருமையாக ஷோகேஸில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே வைத்திருந்தார். அதில் இருந்தது இதற்குப் பொருந்தும். மாமியைப் பார்த்தேன். "எடுத்துக்கம்மா, வேற செஞ்சுக்கலாம்" என்றார்.

ஈயம் பற்றவைக்கும்போதுதான் அடுத்த கவலை. நோன்போடு புகையை உள்ளே இழுக்கக் கூடாதே! துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். மாமி முறத்தை எடுத்து வந்து பக்கத்தில் நின்று விசிறினார். பற்றவைப்பு வகுப்பை இந்தக் கோலத்தில் எங்கள் ஆசிரியர் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். மறுபடி கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு மின்னு மின்னி அடங்கிவிட்டது. ஷார்ட் போயே போச்சு! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அந்த உற்சாகத்தில் ஸ்பீக்கரை மாட்டி, மைக்கை வாயருகே கொண்டு போய்விட்டேன்.

"நிறுத்தும்மா! ஊரே நோன்பத் தொறந்துரும்!"

மாமா போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு 'ஹலோ' சொல்லியிருந்தால் போதும், நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்களின் நோன்பு கடைசி நிமிடங்களில் பாழாகியிருக்கும். ஆனால் சோதிக்காமலும் அனுப்ப முடியாது. பள்ளிவாசலில் வைத்து அது மறுபடி ஊமையானால்?

சத்தமே வராமல் சோதிப்பது எப்படி? பல்புப் பலகை கண்ணில் பட்டது. ஆம்ப்ளிஃபையருக்கு நேராகக் கரண்ட் கொடுத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளில் அந்தப் பல்பை மாட்டினேன். மைக்கில் மெதுவாக "ம்" என்றேன். பல்பு மங்கலாக எரிந்து அணைந்தது. "சலாம்" என்றேன். இரண்டு முறை மினுக்கியது. என் குரல் வெளிச்சமாக வருவதைப் பார்த்து எனக்கே சிலிர்த்தது.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மைக்கை வாங்கினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த மனிதர், என்னைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார். "ஏம்மா, எரியுதா?"

ஒவ்வொரு எழுத்துக்கும் பல்பு எரிந்தது. மாமா சிரித்துவிட்டார். மறுபடியும், மறுபடியும் கேட்டார். மோதினார் கெஞ்சிக் கூத்தாடித்தான் மைக்கை வாங்க வேண்டியிருந்தது.

தலைதெறிக்க ஓடினார் அவர். நாங்கள் தட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'டொக் டொக்' என்று மைக் தட்டும் சத்தம், பின்னாலேயே கணீரென்று பாங்கு. மாமி என் வாயில் பேரீச்சம்பழத்தை ஊட்டினார். கஞ்சியைக் குடித்து முடித்த மாமா, "நாளைக்குக் காலேஜ்ல வர்றேன்னு சொல்லிரு. பஸ் ஸ்டாண்டுல நான் கொண்டு விடுறேன்" என்றார்.

இன்று நான் டூல் பையோடு நுழைகிற ஆஸ்பத்திரிகளில், 'இந்தப் பொண்ணா பார்க்கப்போகுது?' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை, கொஞ்ச நேரத்தில் அவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, எரியுதா?" என்று பக்கத்தில் வந்து குனிவார்கள் என்று எனக்குத் தெரியும்.