வேஸ்ட் என்று எழுதிய கேசட்

என் மனைவியின் தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். சொந்தக்காரர்களுக்கு அவன் பெயரே 'கேமரா'. கல்யாணமான மறு வருடம் பழைய வீடியோ கேமரா ஒன்றை வாங்கினான். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், யார் வீட்டு விசேஷமானாலும் ஒரு தோளில் ஸ்பேனர் பை, மறு தோளில் கேமரா. சாப்பிடக் கூப்பிட்டால், "ஒரு நிமிஷம் அத்தான், வெளிச்சம் நல்லா இருக்கு" என்பான். அந்த ஒரு நிமிஷத்தில் சாப்பாடு ஆறிவிடும்.

சேர்ந்தவை நூற்று அறுபத்து மூன்று கேசட்டுகள். தேதி எழுதுகிற வழக்கமே அவனிடம் கிடையாது. 'மழை', 'சும்மா', 'பெரியவர் சிரிச்சது' என்றுதான் மேலே எழுதியிருப்பான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசைப்படுத்தி, சொந்தபந்தம் பதினான்கு வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று போன மார்ச்சில் என்னிடம் வந்து நின்றவள் அவன் மகள். நான் மருத்துவமனைப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"எல்லாருக்கும் குடுக்கணும்தான் மாமா. ஆனா எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அம்மா குரல்."

அவளுக்கு இரண்டு வயது முடியும் முன்பே தாய் போய்விட்டாள். ஒன்பது நாள் காய்ச்சல்.

ஒரு மணி நேரக் கேசட் கம்ப்யூட்டரில் ஏற ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு நாளைக்கு மூன்று என்று பார்த்தோம். யார், எந்த இடம், எத்தனையாவது நிமிஷம் என்று நான் எழுதிக்கொண்டே வந்தேன். தாய் பத்தொன்பது கேசட்டுகளில் இருந்தாள். ஒன்றிலும் பேசவில்லை. அந்தக் காலத்தில் கேமராவைக் கண்டால் எங்கள் ஆட்கள் போட்டோவுக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். "ஏதாவது பேசுங்களேன், இது போட்டோ இல்ல" என்று மச்சான் கத்துவது கேட்கும். அவள் முடியை ஒதுக்கிவிட்டுச் சிரிப்பாள். அவ்வளவுதான்.

பத்தொன்பதாவது தடவையும் அவள் வெறுமனே சிரித்தபோது, மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மிச்சம் ஆறு கேசட். ஒன்றின்மேல் 'வேஸ்ட்' என்று இருந்தது.

"அதைத் தூக்கிப் போடுங்க அத்தான், மானக்கேடு," என்றான் மச்சான். "உங்க பொண்ணோட பிறந்தநாள் அது. ஆரம்பத்துல பொத்தானை ஒரு தடவை கூடுதலா அமுக்கிட்டேன். எடுக்கறேன்னு நெனச்சப்பல்லாம் நின்னிருக்கு. நிறுத்திட்டேன்னு தொங்கப் போட்டப்பல்லாம் ஓடியிருக்கு. கேக்கும் இல்ல, பொண்ணும் இல்ல. ரெண்டு நிமிஷம் பாத்துட்டுக் கழட்டிட்டேன். பூரா தரையும் செருப்பும்தான்."

"உங்க அக்கா என்ன சொன்னா?"

"ஊரு ஃபிரிட்ஜை எல்லாம் ஓட வைக்கிறான், ஒரு பொத்தானை அமுக்கத் தெரியலன்னு. இன்னைக்கும் சொல்லுது."

"பாக்காம வேஸ்ட்னு நான் எழுத மாட்டேன்டா," என்று அதைப் போட்டேன்.

தரை. செருப்பு. நாற்காலிக் கால். அவன் நடக்க நடக்கப் படம் தலைகீழாக ஆடியது. பதினேழாவது நிமிஷத்தில் ஒரு பச்சைச் சேலையின் ஓரம் தெரிந்தது.

"ஏங்க, அதைக் கீழ வைங்களேன்."

மச்சான் மகளின் குரல். அப்பாவைப் போய் 'ஏங்க' என்கிறாளே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"சட்டை பூரா கிரீஸு. இப்படியா வந்து நிப்பாங்க? புள்ளைய வாங்குங்க, கை கழண்டு போச்சு. அப்பனை மாதிரியே கனம். ஏய், மூக்கை விடுடி! ஐயோ, பாருங்க, விடவே மாட்டேங்கிறா!"

பிறகு சிரிப்பு. அந்தப் பத்தொன்பது கேசட்டில் பார்த்த சிரிப்பல்ல. நடுவில் மூச்சுக்குத் தடுமாறி, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. அவள் குரல் மொத்தம் நான்கு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

எத்தனையோ ஆயிரம் பேருடைய பிறப்பையும் இறப்பையும் எழுதியவன் நான். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. நினைவிலேயே இல்லாத ஒரு குரலை, இருபத்தாறு வயது வரை அந்தப் பெண் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று மச்சானைக் கேட்டேன்.

"அவளுக்குப் பதினாலு வயசானதுலேருந்து தெரியும் அத்தான். எப்படிச் சொல்றது? போன்ல 'சாப்டீங்களா'ன்னு கேப்பா. ரெண்டு தடவை வண்டியை ஓரமா நிறுத்தியிருக்கேன்."

கேசட் ஓடி முடிந்தது.

"இதை எல்லா வீட்டுக்கும் அனுப்பலாமாம்மா?" என்றேன்.

"அனுப்புங்க மா..." என்று தொடங்கியவள், தன் குரல் தன் காதிலேயே விழுந்ததும் நின்றாள். தொண்டையில் மெல்லக் கையை வைத்துக்கொண்டாள்.

"அனுப்புங்க," என்றாள் இன்னொரு தடவை, மெதுவாக.

மச்சான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.